தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அத்தியாயம் 6

“கெழவன் செத்தா எங்க குடும்பக் கல்லறையில எடம் கேப்பான். அவன் சாவறதுக்குள்ள எனக்கு ரிப்போர்ட் வேணும்” என்றார் ஜெயகரன்.

சொல்லிவிட்டு பிஸ்கெட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். கிழவன் என்றது அவருடைய சொந்தச் சித்தப்பாவை. எண்பத்து நாலு வயதான டேனியல், வேலூர் தோட்டப்பாளையத்துக் குடும்ப வீட்டின் பின்கட்டில், கல்யாணமே செய்துகொள்ளாத மகள் இவாஞ்சலினோடு இருக்கிறார். முன்கட்டு ஜெயகரனுடையது. இப்போது அவருக்குப் பின்கட்டும் வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் அவர் நடத்தும், ஷூவின் மேல்பாகம் தைக்கும் அப்பர் கம்பெனியின் கண்ணாடி அறையில். கீழே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெண் மாடியேறி வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், அரை நாள் லீவு வேண்டும் என்றாள். ஜெயகரன் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கீழே உள்ளவர்களுக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

“சுண்ணாம்புக் குழியில ஊறுன வம்சம். ஃபேனுக்குக் கீழ ஒக்கார வச்சாலும் புத்தி குழிக்குத்தான் போவும். போய் மெஷின்ல ஒக்காரு.”

அந்தப் பெண் இறங்கிப் போனாள். சுண்ணாம்புக் குழி என்பது தோல் பதனிடும் ஷாப்பில், தோலில் இருக்கும் மயிர் உதிர்வதற்காக ஊறப்போடும் குழி. அந்தக் காலத்தில் அதில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்குக் கால் வெந்து வெளுத்துப்போகும். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படி ஒரு தாத்தாவாவது இருப்பார். எனக்கும் இருந்தார். டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

என் பெயர் நெல்வின். முன்பு ஒரு ஷூ கம்பெனியில் க்யூ.சி. தையல் பிசகிய ஷூவைத் தூக்கி ஓரமாகப் போடும் வேலை. இப்போது மனிதர்களில் பிசகு பார்க்கும் அமிர்தவள்ளி மேடத்திடம் உதவியாளன். வேலூரில் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வருவதெல்லாம் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முதல் நிச்சயம் ஏன் நின்றது, இந்த மாதிரி. செத்துப்போனவர்களின் பூர்வோத்தரத்தைத் தோண்டச் சொல்லி வந்த முதல் ஆள் ஜெயகரன்தான்.

மேடம் சேலைக்குக் கீழே எப்போதும் ஷூ போட்டிருப்பார். கால்மேல் கால் போட்டு அந்த ஷூவை ஆட்டினால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். ஆட்டினார்.

“உங்க சித்தப்பா உங்க தாத்தாவுக்குப் பொறக்கலைன்னு எத வச்சு சொல்றீங்க?”

“ஊருக்கே தெரியும் மேடம். எங்க தாத்தா ஞானாபரணம், பேரணாம்பட்டு தோல் ஷாப்புல கணக்குப்பிள்ளை. மூத்த புள்ள எங்கப்பா ஏசடியான். இவன் தவிட்டுக்கு வாங்குனது. எங்க ஆயா, தாத்தா சம்சாரம் ரூத்தம்மாளே வாயால சொல்லும். தாத்தா உயில்ல ‘வீடு என் பிள்ளைகளுக்கு’ன்னு எழுதிட்டுப் போய்ட்டாரு. தவிட்டுக்கு வாங்குனது புள்ளையா?”

“அதுக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துடலாமே சார்” என்றேன். “எச்சில் போதும். உங்களுது ஒண்ணு, அவருது ஒண்ணு.”

“என் ரத்தத்தை நான் எதுக்குய்யா நிரூபிக்கணும்?” என்று சீறினார். “சர்ச்சுல பழைய ரெக்கார்ட் இருக்கு. அதைப் புடிங்க. ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் சொந்தக்காரங்க, பாஸ்டர், எல்லாரையும் எங்க வூட்டு ஹாலுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்க அங்க படிக்கணும். சத்தமா.”

“தனியா உங்க கையில குடுத்தா போதாதா?”

“அவன் மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்” என்றார் ஜெயகரன்.

*

சர்ச் ஆபீஸைக் கட்டி ஆள்வது ஜெபகனி. கழுத்தில் சாவிக்கொத்து, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வைத்துவிட்டு, என் கைகளைத் திருப்பிப் பார்த்து, கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

1941-ஆம் வருஷத்துப் பக்கம் சீக்கிரமே கிடைத்தது. குழந்தை டேனியல். தகப்பன் ஞானாபரணம், தாய் ரூத்தம்மாள். ஓரத்தில், அப்போதிருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் தாம் கற்ற தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘இப்பிள்ளையை அண்டை வீட்டு இந்து ஸ்திரீயாகிய கோவிந்தம்மாளிடம் தவிடு கொடுத்து வாங்கியதாகத் தாயே என் முன்பாக அறிக்கையிட்டாள்.’

“கேஸ் முடிஞ்சுது மேடம்” என்றேன். “கைகூட காயல. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்.”

மேடம் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“நெல்வின், ஒரு பொம்பளை யார் புள்ளையவோ வாங்கி வளக்கறா. ஊர்ல இன்னா பண்ணுவா?”

“மூடி மறைப்பா. வயித்துல தலவாணி கட்டிக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போய் வந்தவங்களையே நாம பாத்திருக்கோம்.”

“வாங்குனவ மறைப்பா. இவ தமுக்கு அடிச்சிருக்கா. பக்கத்து வூட்டுக்காரிகிட்ட சொன்னா, சொந்தக்காரங்ககிட்ட சொன்னா, ஞானஸ்நானம் குடுக்க வந்த பாதிரியாரையும் வுடல. ஏன்?”

“நேர்மையானவங்களா இருக்கும்.”

“அவ்ளோ நேர்மையானவங்க எனக்கு இதுவரைக்கும் தட்டுப்படல” என்றார் மேடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “என்னையும்தான் தவிட்டுக்கு வாங்குனதுன்னு எங்க அக்கா சொல்லும். அஞ்சு வயசு வரைக்கும் நம்பி, ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்.”

“என்னைக்கூட சொல்லுவாங்க” என்றார் ஜெபகனி. “எல்லா வூட்லயும் கடைசிக்கு இதே பாட்டுதான்.”

“உங்கம்மாகிட்ட கேட்டப்போ இன்னா சொன்னாங்க?” என்று மேடம் என்னைக் கேட்டார்.

“சிரிச்சுட்டு, மடியில தூக்கி வச்சுக்கிட்டாங்க.”

“ரூத்தம்மா சிரிக்கல. அதான் வித்தியாசம்” என்று சொல்லி எழுந்துகொண்டார். பாதி கேஸ் முடிந்த முகம் அது. எனக்குத்தான் எந்தப் பாதி என்று தெரியவில்லை.

*

தோட்டப்பாளையம் வீட்டுப் பின்கட்டின் வாசலில் எங்களை மறித்துக்கொண்டு நின்றார் இவாஞ்சலின். ஐம்பதைத் தாண்டிய நர்ஸ், இன்னும் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

“அளந்துட்டுப் போவ வந்தீங்களா? கரண்டைப் புடுங்கி ஒரு வாரம் ஆவுது. ஃபியூஸ் பெட்டி அவங்க முன்கட்டு நடையில. பெட்டிக்குப் பூட்டு. எங்கப்பாவுக்கு மூச்சுத் திணறுனா நெபுலைசர் வைக்க வழியில்ல. நான் டூட்டிக்குப் போற ஆஸ்பத்திரியில ஊரான் வூட்டுக் கெழவனுக்கெல்லாம் மெஷின் வைக்கறேன், எங்கப்பாவுக்கு விசிறி வீசறேன். போய் எழுதிக்குங்க ரிப்போர்ட்டுல.”

“இவா, வுடும்மா” என்று உள்ளே இருட்டிலிருந்து குரல் வந்தது. “அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்.”

டேனியல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் ஒரு விசில் சத்தம் கேட்டது. வாசற்படியருகே இருந்த நாற்காலியில் வெயில் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்தபிறகு போட்டுக்கொள்ளவில்லை.

“உள்ள இருட்டும்மா. வெளிச்சத்துல நல்லா பாத்துக்கோ” என்றார் மேடத்திடம். “எங்கம்மா ஜாடை இருக்குதா?”

முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். மேடம் குனிந்து பார்த்தார். கல்யாணத் தரகர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். எனக்கே கூச்சமாக இருந்தது.

“உங்கம்மா உங்கள எப்படிக் கூப்புடுவாங்க?”

“‘கோவிந்தம்மா புள்ள, சாப்புட வாடா’ன்னுவாங்க. அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. ஆனா ‘என் புள்ள’ன்னு ஒரு வாட்டி சொன்னதில்ல. சாவறப்போ கையைப் புடிச்சுக்கிட்டிருந்தேன். அப்பகூட சொல்லல.”

அதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கிழவரின் வாய் கோணியது. எண்பத்து நாலு வயதிலும் அந்த ஒரு சொல் கிடைக்காத குறை அவருக்குத் தீரவில்லை. எனக்கு ரூத்தம்மாள்மேல் கோபம் கோபமாக வந்தது.

“உங்க அண்ணனை?”

“ஏசடியானை ‘என் ராசா’ன்னுவாங்க. நாலு பேரு எதிர்ல கட்டிப் புடிச்சுக்குவாங்க.”

“உங்களுக்குப் பொறாமையா இல்லியா?”

“அண்ணன் நல்லவன்மா. அவன் தட்டுல விழுற கறியை எனக்குத் தள்ளிடுவான். எனக்கு ஃபீஸ் கட்டணும்னு அவன் படிப்பை நிறுத்தினான். அப்பேர்ப்பட்டவனுக்கு இப்படி ஒண்ணு பொறந்திருக்கு.” முன்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“உங்களுக்கு ஏதோ தெரியும். சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார் டேனியல். “சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

யாருக்கு என்று மேடம் கேட்டதற்குச் சும்மா சிரித்தார். அதோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து இருட்டுக்குள் போய்விட்டார்.

வெளியே வரும் வழி முன்கட்டு ஹால். அங்கே சுவரில் ஒரு பழைய ஸ்டூடியோ போட்டோ. ஞானாபரணம் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சின்னப் பையன் ஏசடியான். ரூத்தம்மாளின் இடுப்பில் கைக்குழந்தை டேனியல். குழந்தையை உடம்போடு சேர்க்காமல், அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சற்று நேரம் வைத்திருக்கிற மாதிரி, தள்ளிப் பிடித்திருக்கிறாள்.

மேடம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். குழந்தையின் மூக்கருகே ஒரு கறுப்புப் புள்ளி. மறுபடியும் துடைத்தார். புள்ளி போகவில்லை.

“பூச்சி மேடம்” என்றேன்.

“பூச்சின்னா துடைச்சா போயிருக்கும். இது படத்துலயே இருக்கு.”

*

கல்லறைத் தோட்டத்தில் ஞானாபரணம் குடும்பத்துக்கு வேப்பமரத்தடியில் நல்ல இடம். பெரிய கல்லறையில் ஞானாபரணம், ரூத்தம்மாள், அடுத்து ஏசடியான், பிறப்பு 1936. கீழே இன்னும் பேர் வெட்ட இடம் விட்டிருந்தார்கள். டேனியலுக்கு விடமாட்டேன் என்று ஜெயகரன் சொல்வது அந்த வெறும் இடத்தைத்தான்.

மேடம் பெரிய கல்லறையைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பின்னால் போய், ஷூவால் சருகைத் தள்ளினார். மண்ணில் பாதி புதைந்து, செங்கல் அளவுக்கு மூன்று சின்னக் கற்கள். பேர் இல்லை. ‘ஞானாபரணம் சிசு’ என்று மட்டும் இருந்தது. 1933, 1935, 1938.

“பாவம்” என்றேன். “பெத்ததெல்லாம் போய்டுச்சு. நடுவுல 36-ல ஏசடியான் மட்டும் எப்படியோ தப்பிச்சிருக்காரு.”

“எப்படித் தப்பிச்சாரு?”

“கடவுள் புண்ணியம்.”

“எனக்கு அது பத்தாது” என்று சொல்லிவிட்டு ஜெபகனிக்குப் போன் போட்டார். “ஜெபகனி, இந்த மூணு சிசுவுக்கும் எப்ப ஞானஸ்நானம் குடுத்திருக்குன்னு பாருங்க... ஆங், பொறந்த மாசமேவா? மூணுக்கும்? சரி. இப்ப ஏசடியானுக்கு எப்பன்னு பாருங்க. 36-ல இருக்காது. தள்ளிப் பாருங்க. நாப்பது வரைக்கும் தள்ளுங்க.”

வெகுநேரம் காத்திருந்தார். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். மேடம் திரும்பிப் பெரிய கல்லறையைப் பார்த்தார்.

“அந்தப் பக்கத்துக்கு சர்ச் முத்திரை போட்டு ஒரு நகல் குடுங்க” என்றார் மெதுவாக.

“இன்னா மேடம் இருந்துச்சு?”

“யாரும் சந்தேகப்படாத பக்கத்தை யாரும் புரட்டறதில்ல நெல்வின். அவ்ளோதான்.”

 நான் போகிற வழியெல்லாம் மூக்கையும் தவிட்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தோற்றேன்.

*

ஞாயிற்றுக்கிழமை முன்கட்டு ஹால் நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் பட்டும் பவுடருமாக உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டருக்கு ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. டேனியலுக்கு நாற்காலி போடவில்லை. இவாஞ்சலின் பின்கட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து அவரை உட்காரவைத்தார். கிழவருக்கு மூச்சு வாங்கியது.

ஜெயகரன் ஒரு பத்திரத்தை எடுத்தார். முத்திரைத்தாளில் டைப் அடித்து வந்திருந்தது. நல்ல குரலெடுத்துப் படித்தார். ஞானாபரணத்தின் ரத்த வாரிசாக இல்லாத எவருக்கும், அவர்கள் சந்ததிக்கும், இந்த வீட்டிலும் குடும்பக் கல்லறையிலும் உரிமை கிடையாது. இன்று படிக்கப்படும் அறிக்கையே முடிவு. கையெழுத்திட்டவர்கள் எவரும் இதை மறுத்துப் பேசக் கூடாது.

“போடு கெழவா” என்று பேனாவை நீட்டினார். “போட்டுட்டு கௌரவமா வெளிய போ. இல்லாட்டி கோர்ட்டுல ஒம் பொண்ணோட சம்பளத்தையெல்லாம் கரைச்சுடுவேன்.”

“அப்பா, போடாதீங்க!” இவாஞ்சலின் கத்திவிட்டார்.

டேனியல் பேனாவை வாங்கவில்லை. “நீ மொதல்ல போடு. பெரிய வூட்டுக்காரன். அப்புறம் நான் போடறேன்.”

ஜெயகரன் சிரித்துக்கொண்டே இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். பாஸ்டர் சாட்சி போட்டார். டேனியல் நிதானமாக, தன் முழுப் பெயரையும் எழுதினார். தன்னை வெளியேற்றும் பத்திரத்தில் ஒருவர் இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

மேடம் எழுந்தார். “சார், கடைசியா கேக்கறேன். இதை நீங்க தனியா படிச்சுக்கறீங்களா?”

“சத்தமா படிங்க. பின்னாடி ஒக்காந்தவங்களுக்கும் கேக்கணும்.”

“சரி. ஞானாபரணத்தோட ரத்தம் இல்லாத ஒரு ஆண்பிள்ளை இந்தக் குடும்பத்துல வளந்திருக்காரு. சர்ச் பதிவு அதுக்கு சாட்சி.”

“கேட்டுக்கோடா!” ஜெயகரன் தொடையைத் தட்டினார். “கேட்டுக்கோ தவிட்டுப் பயலே!”

“அவரு பேரு டேனியல் இல்ல” என்றார் மேடம்.

ஹாலில் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிறுத்தினார். மேடம் சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றி பாஸ்டரின் மடியில் வைத்தார்.

“கொழந்தையோட வலது மூக்குல ஒரு புள்ளி இருக்கு பாருங்க. கீறலும் இல்ல, பூச்சியும் இல்ல. மூக்குத்தி. அதோட வடு இன்னிக்கும் டேனியல் ஐயா மூக்குல இருக்கு. ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு மூக்குக் குத்துவாங்க? பெரியவங்க யாராவது சொல்லுங்க.”

விசிறியை நிறுத்திய அம்மாள்தான் வாயைத் திறந்தார். “பெத்த புள்ளைங்க தங்காம போய்க்கிட்டே இருந்தா, அடுத்து பொறக்கறதுக்குக் குத்துவாங்க. அசிங்கப்படுத்தி வச்சா எமன் தொட மாட்டான்னு...” பாஸ்டர் தொண்டையைச் செருமினார். “அந்தக் காலத்துல சொல்லுவாங்க” என்று அந்த அம்மாள் முடித்துக்கொண்டார்.

“அதேதான். குப்பையில போடுவாங்க, மூக்கைக் குத்துவாங்க, பக்கத்து வூட்டுக்காரிகிட்ட குடுத்துட்டுத் தவிடு குடுத்துத் திருப்பி வாங்குவாங்க. அப்புறம் பெத்தவ ‘இது என் புள்ள இல்ல, தவிட்டுக்கு வாங்குனது’ன்னு ஊரெல்லாம் சொல்லணும். ‘என் புள்ள’ன்னு ஒரு வாட்டி வாய் தவறினாலும் எமன் காதுல வுழுந்துடும். ரூத்தம்மா அந்தப் பொய்யைப் பாதிரியார்கிட்டயும் சொன்னாங்க. அவரு அதை அப்படியே எழுதிட்டாரு. வேற தேசத்துக்காரரு, அவருக்குத் தெரியல. உங்களுக்கெல்லாம் இன்னா வந்துச்சு? யாரைத் தவிட்டுக்கு வாங்குனதுன்னு சொன்னாங்களோ, அவருதான் ரூத்தம்மா வயித்துல பொறந்தவரு.”

இவாஞ்சலின் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகனிடம்கூட அந்தத் தாய் சொல்லாதது வெறுப்பினால் அல்ல. சொன்னால் அவன் போய்விடுவான் என்ற பயம், நரைத்துப்போன மகனைப் பார்த்த பிறகும் அவளுக்குப் போகவில்லை. அவள்மேல் கோபப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

“சரி, ரெண்டு பேருமே புள்ளைங்க!” ஜெயகரன் எழுந்துவிட்டார். “அதுக்கு இன்னா இப்ப?”

“ஒக்காருங்க சார், இன்னும் முடியல. ஒரு ஆம்பளப் புள்ள தங்கி, அஞ்சு வயசுல வூட்ல ஓடியாடிக்கிட்டு இருந்தா, இந்தக் கூத்தெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்க. ஒண்ணும் தங்காதவங்கதான் பண்ணுவாங்க. ரெண்டு சிசு செத்த பிற்பாடு, 36-ல பொறந்தவரு உங்கப்பா. பயந்திருந்தா அவருக்குல்ல மூக்குக் குத்தியிருக்கணும்? அவரை மட்டும் பயமில்லாம ‘என் ராசா’ன்னு ஊரறியக் கொஞ்சினாங்களே, ஏன்? எமன் காதுல வுழுந்தா வுழட்டும்னு வுட முடிஞ்சுது. அது அவங்க பெத்ததில்ல.”

“யோவ் பாஸ்டர், இந்தப் பொம்பளைய வெளிய போவச் சொல்லு!”

மேடம் முத்திரை போட்ட நகலை எடுத்தார். “செத்த மூணு சிசுவுக்கும் பொறந்த மாசமே ஞானஸ்நானம். ஏசடியானுக்கு 1940-ல, நாலு வயசுல. வளர்ப்பவர் ஞானாபரணம்னு இருக்கு. தகப்பன் பேரு போடற எடத்துல வேற பேரு. சின்னத்தம்பி. பேரணாம்பட்டு. தொழில்...” அவர் ஒரு கணம் நிறுத்தி ஜெயகரனைப் பார்த்தார். “தோல் ஷாப், சுண்ணாம்புக் குழிக் கூலி. காலராவில் மரணம்.”

அரை நாள் லீவு கேட்டு வந்த அந்தப் பெண் இதைக் கேட்க அங்கே இல்லாமல் போய்விட்டாள். எனக்கு அது ஒன்றுதான் குறை.

ஜெயகரன் பத்திரத்தின்மேல் பாய்ந்தார். பாஸ்டர் அதற்குள் அதை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டார்.

“உங்க தாத்தா உயில்ல ‘என் பிள்ளைகளுக்கு’ன்னுதான் இருந்துச்சு” என்றார் மேடம். “அதுல உங்கப்பாவும் இருந்தாரு, நீங்களும் இருந்தீங்க. ரத்தம்னு எழுதினது நீங்க.”

இவ்வளவுக்கும் டேனியல் ஸ்டூலில் அசையாமல் இருந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. மேடம் அதைக் கவனித்துவிட்டார். ஷூ தரையில் அசையாமல் நின்றது.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்” என்றார் அவரிடம்.

“அண்ணனே சொன்னான்மா. நாலு வயசுப் புள்ளைக்கு அவங்கப்பன் ஞாபகம் இருக்காதா? கால் ரெண்டும் வெந்து வெளுத்திருக்கும்னு சொல்லி எங்கிட்ட அழுவான். யார்கிட்டயும் சொல்லாதடா தம்பின்னான். அவன் இருக்கறவரைக்கும் சொல்லல. அவன் புள்ள என் கரண்டைப் புடுங்கினப்பகூட சொல்லல. இன்னிக்கும் நான் சொல்லல.” ஜெயகரனைப் பார்த்தார். “நீ கூட்டியாந்தவங்க சொன்னாங்க.”

“அன்னிக்கு வெளிச்சத்துல மூக்கைத் திருப்பிக் காட்டினது...” மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை ஒருவர் வேலை வாங்கி நான் பார்த்ததில்லை.

“உள்ள கரண்ட் இல்லியேமா” என்றார் டேனியல். “வெளிச்சத்துக்கு வந்துதானே ஆவணும்.”

சொந்தக்காரர்களில் ஒருவரும் ஜெயகரன் பக்கம் திரும்பவில்லை. அவர் வந்து கிழவரின் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“சித்தப்பா” என்றார். எங்களிடம் பேசிய நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை. “சித்தப்பா, நான் உங்க அண்ணன் புள்ள.”

“இவா” என்று மகளைக் கூப்பிட்டார் டேனியல். “பாஸ்டர் எதிர்ல அவன்கிட்ட பெட்டிச் சாவியை வாங்கு. நம்ம ஃபியூஸைப் போடு. முன்கட்டு ஃபியூஸைப் புடுங்கு.”

இவாஞ்சலின் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையை நீட்டினார். ஜெயகரன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். நடையில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. பின்கட்டில், ஒரு வாரமாக அணைந்து கிடந்த குழல்விளக்கு இரண்டு தடவை மினுக்கி எரிந்தது.

“எங்கப்பா கல்லறை...” என்றார் ஜெயகரன். “அவரைத் தோண்டி எடுத்துடுவீங்களா சித்தப்பா?”

டேனியல் எழுந்து, அவர் தலையில் கையை ஊன்றி, நிமிர்ந்து நின்றார்.

“உங்கப்பன் அங்கியே இருப்பான். அவன் என் அண்ணன். உனக்குத்தான் எடமில்ல.”